மூன்றாவது விசிலுக்குப் பிறகு

ஜூன் 3, திங்கள்

காலைப் பூசைக்கு ஆறு நிமிடம் முன்பே போய்விட்டேன். கோவில் மணி இரண்டு நிமிடம் தாமதமாக அடித்தது. மணியடிக்கும் உபதேசியாரிடம் சொன்னேன். "சரிங்கம்மா" என்றார். இதே "சரிங்கம்மா"வைப் பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.

பத்தரைக்குச் செலஸ்டின் வந்தான். என் தங்கை ஜெசிந்தாவின் மகன். முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் சீட்டியடித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைகிறான். தில்லை நகரில் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். பையிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பிளாஸ்டிக் மணிபிளான்ட் தொட்டி, ஒரு டிஷ்யூ டப்பா ஆகியவற்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறதாம். வீட்டில் யார் என்ன பேசினாலும் வெளியே இருந்தபடி போனில் கேட்கலாமாம்.

"இதுக்குப் பேரு ஒட்டுக் கேக்கறது" என்றேன்.

"கண்காணிப்பு பெரியம்மா. உலகம் முழுக்க இருக்கு."

"எங்க ஸ்கூல்ல சாவி ஓட்டையில காது வச்ச ஒருத்தியை மதர் பெர்னதெத் அரை நாள் முட்டி போட வச்சாங்க."

"அவங்க இருந்திருந்தா பத்து பீஸ் வாங்கியிருப்பாங்க" என்றான். மரியாதை என்பது அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. தங்கையின் கணவர் வழி.

மற்றவர்கள் விற்கும் கருவிகள் இரவும் பகலும் விழித்திருப்பதால் ஒரே நாளில் பேட்டரி தீர்ந்துவிடுமாம். இவனுடையது நான்கு மாதம் வரும் என்கிறான். காரணம், என் கணவரின் குக்கர் கருவி. ஜனவரியில் என்னிடமிருந்து வாங்கிப் போன தகரப் பெட்டியில் அதன் நோட்டுகள் இருந்தன. குக்கர் விசிலை எண்ணுவதற்காக 1987-இல் செய்தது. சத்தம் கேட்கும்வரை தூங்கும். கேட்டால் விழிக்கும். செலஸ்டின் அதை அப்படியே எடுத்து, மணி அடிக்க வேண்டிய இடத்தில் ஒலிப்பதிவை இணைத்திருக்கிறான்.

அட்டைப் பெட்டியில் அவருடைய படத்தைப் போட்டு, "பொறியாளர் ஞானப்பிரகாசம் அவர்களின் அரிய கண்டுபிடிப்பு" என்று அச்சடித்திருந்தான். நல்ல படம்தான். டை சற்றுக் கோணல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டேன்.

நோட்டுகளில் இருப்பது என் கையெழுத்து என்று செலஸ்டின் வியந்தான். நான் பிரதி எடுத்தேன், அவ்வளவுதான். அவருடைய எழுத்து கோழி கிளறினது போல இருக்கும்.

திரு இருதயப் படத்துக்குள் கருவியை வைத்தால் நன்றாக விற்கும் என்றான். வெளியே போகச் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 5, புதன்

புழுங்கல் அரிசியில் ஒன்பது கல். காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கடைக்காரரிடமே கொடுத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

செலஸ்டின் முகம் தொங்கிப்போய் வந்தான். சீட்டி இல்லை. வாங்கியவர்கள் எல்லோரும் திட்டுகிறார்களாம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியார் மருமகளைக் கண்காணிக்கக் கடிகாரம் வாங்கியிருக்கிறார். பத்து நாள் கேட்டதில், பருப்பு வெந்ததும் மருமகள் கொத்தமல்லி எங்கே என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. கூட்டாளியைச் சந்தேகப்பட்ட ஒருவர் ஆபீஸில் மணிபிளான்ட் வைத்தார். ஒரு சொல்லும் பதிவாகவில்லை. கூட்டாளி அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மெஸ் நடத்தும் ஒருவருக்கு மட்டும் காலை ஆறிலிருந்து மதியம் மூன்றுவரை நிற்காமல் பதிவாகியிருக்கிறது.

"இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?" என்றேன். "அது மூணாவது விசிலுக்குத்தான் முழிக்கும். பத்து நிமிஷம் முழிச்சிருந்துட்டுத் தூங்கிடும்."

"சத்தம் கேட்டா முழிக்கும்னீங்களே?"

"விசில் சத்தம். மிக்ஸி சத்தம், பேச்சுச் சத்தம், தாளிக்கிற சத்தம் எல்லாத்தையும் ஒதுக்கிடும். அதுக்குத்தானே அந்த வடிகட்டி."

"நான் கடையில டெஸ்ட் பண்ணினப்ப ஒழுங்கா வேலை செஞ்சுதே பெரியம்மா."

"எப்படி டெஸ்ட் பண்ணினே?"

"சீட்டி அடிச்சேன்" என்றான்.

சொல்ல வேண்டியதை மதர் பெர்னதெத் ஐம்பது வருடம் முன்பே சீட்டியடிப்பவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

வடிகட்டியில் இரண்டாவது மின்தேக்கியை எடுத்துவிட்டு, விசிலை எண்ணும் சிப்பின் நான்காம் காலை ஏழாம் காலோடு சேர்த்தால் எந்தச் சத்தத்துக்கும் முதல் தடவையே விழிக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "பெரியப்பா நோட்டுல எங்கயாவது இருக்கும், தேடிப் பாரு" என்று சொல்லி அனுப்பினேன்.

நோட்டில் அது இல்லை. இன்று குளிக்கும்போது தோன்றியது.

ஜூன் 15, சனி

கேடயம் துடைக்கும் நாள். புளி, பிறகு விபூதிப் பொடி. விபூதிப் பொடி பக்கத்து வீட்டு நாயகியின் உபயம். தையல்நாயகி நாற்பது வருடமாகப் பக்கத்து வீடு. அவள் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், காது கொஞ்சம் மந்தம். கேடயத்தில், "1988, சிறந்த பொறியாளர், திரு. எஸ். ஞானப்பிரகாசம், குக்கர் விசில் எண்ணி" என்று இருக்கிறது. வெண்கோடி இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் கொடுத்தது. அவர் அங்கே இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார்.

மதில் மேலாகச் செலஸ்டின் கதையை நாயகியிடம் சொன்னேன். கொத்தமல்லி தேடும் மருமகளைப் பற்றிச் சொன்னதும் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரிப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லதல்ல என்று சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

வெண்கோடி நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, செலஸ்டினுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அட்டைப் பெட்டியில் போட்ட படத்தை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

செலஸ்டினின் வக்கீல் மங்கையர்க்கரசியைப் பார்க்கப் போனோம். மேசை சுத்தமாக இருந்தது, அதனால் நம்பலாம். அவர் சொன்னது இது. என் கணவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தப்படி, வேலையில் இருந்த காலத்தில் அவர் கண்டுபிடித்த எதுவும் கம்பெனிக்குச் சொந்தம், வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தாலும். ஆகவே செலஸ்டின் விற்பனையை நிறுத்த வேண்டும். நான் நோட்டுகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டு நோட்டுகள்.

"வேற வழியே இல்லையா மேடம்?" என்று செலஸ்டின் கேட்டான். சேமித்ததையெல்லாம் அந்தக் கடையில்தான் போட்டிருக்கிறான்.

"சார் கண்டுபிடிக்கல, கம்பெனியில இல்லாத வேற யாரோ கண்டுபிடிச்சாங்கன்னா அவங்க கேக்க முடியாது" என்றார் வக்கீல். சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டி, எழுத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "அழகான கையெழுத்தும்மா."

"கான்வென்ட்" என்றேன்.

"இந்த நாப்பதாம் பக்கத்துல மூணு எடத்துல அடிச்சுத் திருத்தி எழுதியிருக்கே. பிரதி எடுக்கிறவங்க திருத்துவாங்களா?"

"நான் பிரதி எடுத்தால் திருத்துவேன்."

அவர் சிரித்தார். இதைப் பற்றி மேற்கொண்டு என்னிடம் கேட்கக் கூடாது என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். கல்லறையில் இருப்பவருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. அவர் பெயரை நான் காப்பாற்ற வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

நாயகியின் கூடத்துக் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது. வருடக்கணக்காக என்னை வதைக்கிறது. செலஸ்டினின் கடிகாரம் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. கொடுத்தேன். சமையலறையில் மாட்டினால் நேரம் பார்க்க வசதி என்று ஆலோசனையும் சொன்னேன்.

அண்டை வீட்டாருக்கு நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

ஜூன் 26, புதன்

சோதனைக்காகப் போனில் கேட்டுப் பார்த்தேன். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். செலஸ்டின் பார்க்கும் லட்சணம்தான் தெரியுமே.

மூன்றாவது விசில் தெளிவாக விழுந்தது. உடனே நாயகியின் குரல்.

"என்னங்க, கேக்குதா? நம்ம மெட்டில்டா அக்காவைப் பத்திச் சொல்றேன். அந்த விசில் மெஷினு அவங்க புருசன் செஞ்சதே இல்ல. அக்காதான் செஞ்சாங்க. சார் பாவம், நல்ல மனுசன், பல்பு மாத்துறதுக்கே ஆள் கூப்பிடுவாரு."

"என்னது, பல்பு போயிடுச்சா?" என்றார் அவள் கணவர்.

"பல்பு இல்லீங்க. அந்தக் கேடயம் குடுத்தப்ப அக்கா கீழ உக்காந்து கை தட்டினாங்களாம். இப்பக் கம்பெனிக்காரன் நோட்டைக் கேக்கிறானாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் இவங்களுக்கு? வைராக்கியம். வேற என்ன?"

முறைப்படி பத்து நிமிடமும் கேட்டேன். மீதி ஒன்பது நிமிடம் பல்பைப் பற்றி.

நாயகிக்குப் பௌதிகம் தெரியாது. எதை வைத்து இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இரவு சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

கடிகாரத்தில் ஒரு சிறு பழுது இருப்பதாகச் சொல்லித் திரும்ப வாங்கப் போனேன். நாயகி அதை ஏற்கனவே கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"கேட்டுச்சா அக்கா?"

"எது?"

"மூணாவது விசில் வர்ற வரைக்கும் வாயத் திறக்காம நின்னேன். நீங்கதானே சொன்னீங்க, அதுக்கு முன்னாடி பேசினா ஏறாதுன்னு. ரெண்டாவது விசில்ல இவரு ஆரம்பிச்சுட்டாரு, நான்தான் அடக்கி வச்சேன்."

உட்கார்ந்தேன்.

"நேர்ல சொன்னா கேக்கவா போறீங்க?" என்றாள். "எண்பத்தேழுல உங்க குக்கர் ரிப்பேருன்னு என் குக்கரை வாங்கிட்டுப் போனீங்க. நாலு நாள் நான் சட்டியில சோறு வடிச்சேன். உங்க வீட்டுல ரெண்டு குக்கரும் மாத்தி மாத்தி விசில் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. சார் அந்த வாரம் டூர். தஞ்சாவூரோ எங்கயோ."

"தூத்துக்குடி" என்றேன். தகவல் சரியாக இருக்க வேண்டும்.

மோர் கொடுத்தாள். குடித்தேன். உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒட்டுக் கேட்டதைச் சொன்னேன். எப்படி என்று சாமியார் கேட்டார், விளக்கினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "காணிக்கைப் பெட்டிக்கிட்ட வைக்கிற மாதிரி ஏதாவது இருக்குமாம்மா?" என்றார்.

அங்கே விசில் அடிக்காது சாமி, பிரயோஜனமில்லை என்றேன். அபராதமாக ஐந்து அருள் நிறை மரியே கொடுத்தார். நானாகவே பத்து சொன்னேன்.

இன்னொரு பாவத்தை அவரிடம் சொல்லவில்லை. அது பாவமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு பொய்யை நான் சொல்லவே இல்லை, ஆனால் சனிக்கிழமைதோறும் துடைத்து வைத்தேன் என்றால், அது எந்தக் கணக்கில் சேரும்?

ஜூலை 8, திங்கள்

கோர்ட்டில் சமரசக் கூட்டம் நடந்தது. எழுதும் மனநிலையில் இல்லை. நாளை.

ஜூலை 9, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நடுவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கம்பெனி தரப்பில் சட்ட அதிகாரி உபேந்திரன், நாற்பது வயது இருக்கும், கோட்டின் நடுப் பொத்தானில் நூல் தொங்கியது. எங்கள் பக்கம் நான், செலஸ்டின், மங்கையர்க்கரசி.

உபேந்திரன் எழுந்து, இந்தக் கருவி கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ஆலைச் சங்கைக் கேட்டு இயந்திரங்களை நிறுத்துவதற்காக உருவானது, குக்கர் என்பது பின்னால் விளம்பரத்துக்குச் சேர்த்தது என்றார். "சங்குச் சத்தம் கேட்ட உடனே இது முழிச்சுக்கும்" என்றார்.

பேசாமல் இருப்பது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். ஆனால் தவறாகச் சொல்லிவிட்டார்.

"உடனே முழிக்காது. மூணாவதுக்குத்தான்" என்றேன்.

"மேடம், டிசைன் எங்களுக்குத் தெரியும்."

"அப்ப சொல்லுங்க. சங்கு எதுக்கு மூணு தடவை ஊதணும்?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "அது இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்."

"பத்து நிமிஷம் முழிச்சிருக்குதே, அது எதுக்கு?"

"அதுவும் ஸ்டாண்டர்ட்தான்."

"ஆவி அடங்கறதுக்கு. அதுக்கு முன்னாடி மூடியைத் திறந்தா சாதம் கூரையில இருக்கும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்டுல நாலு விசிலும்மா."

"பழைய அரிசியா இருக்கும்" என்றேன்.

"ஆமா" என்று ஒத்துக்கொண்டார்.

உபேந்திரன் புத்திசாலி. உடனே பாதையை மாற்றினார். "சரி, வீட்டுல வச்சே செஞ்சிருக்கட்டும். ஞானப்பிரகாசம் சார் செஞ்சதுதானே? ஒப்பந்தப்படி அது எங்களோடது."

மங்கையர்க்கரசி என்னைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த வாக்கின்படி ஒரு சொல்லும் கேட்கவில்லை. செலஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதிதான் சாதாரணமாகக் கேட்டார்: "சார் சமையல்லாம் செய்வாரா?"

"சமையலறைக்குள்ள வந்ததே இல்லை. தண்ணிகூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன்."

"அப்ப மூணு விசிலு, பத்து நிமிஷம், மிக்ஸிச் சத்தம், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் எனக்கு 1988 ஞாபகம் வந்தது. விளையாட்டாகத்தான் என் கணவர் அதை ஆபீஸுக்கு எடுத்துப் போனார், எங்கள் வீட்டில் செய்தது என்று காட்டுவதற்கு. அவரே செய்தது என்று நினைத்து அவர்கள் கை குலுக்கிவிட்டார்கள். மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. கேடயத்தோடு வீட்டுக்கு வந்த அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன் மெட்டில்டா" என்றார். நான்தான், "எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே வீடுதானே" என்றேன். பத்து வருடம், ஓய்வு பெறும்வரை, வருடத்துக்கு ஒரு தடவையாவது "நாளைக்குச் சொல்லிடறேன்" என்பார். நான் வருடத்துக்கு ஒரு தடவை வேண்டாம் என்பேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். நான் செய்ததை அவர் செய்தார் என்று ஊர் நினைப்பதைவிட, அவருக்கு முடியாததை மனைவி செய்தாள் என்று ஊர் நினைப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. ஆக, அதுவும் பெருமைதான்.

"ஒரு காகிதம் கொடுங்க" என்றேன். "கோடு போடாதது."

வரைந்தேன். ஒலிவாங்கி, வடிகட்டி, எண்ணி, பத்து நிமிடக் கடிகாரம், மணி. எல்லாப் பாகங்களுக்கும் மதிப்புகளும் போட்டேன். பதினோரு நிமிடம் ஆனது. நீதிமன்றப் பேனா, மசி கசிந்தது. அடித்தல் ஒன்றும் இல்லை. முடித்ததும், நாற்பதாம் பக்கத்தில் அன்று நான் கவனிக்காத ஒரு தவறு இருந்ததைக் கண்டு அதையும் திருத்தினேன்.

உபேந்திரன் படத்தைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். அது தலைகீழாக இருந்தது. நான் சரியாகத் திருப்பி வைத்தேன்.

"இதை நீங்கதான் செஞ்சீங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆமாம். நான் பி.எஸ்ஸி. பௌதிகம், மாநிலத்தில் இரண்டாமிடம். கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை." பிறகு இதையும் சொன்னேன்: "ஈயம் வச்சு ஒட்டின சாலிடரிங் முழுக்க என் கணவர் செய்தது. எனக்கு அவ்வளவு சுத்தமா வராது. அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் செலஸ்டின் என் காலைத் தொட்டான். கோர்ட்டு வாசலில் இதெல்லாம் எதற்கு என்றேன். உபேந்திரனிடம் பொத்தானைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 17, புதன்

கம்பெனி கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டது. கடிதத்தில் என்னைத் "திருமதி ஞானப்பிரகாசம்" என்று எழுதியிருந்தார்கள். மெட்டில்டா என்று போட்டு மறுபடி அனுப்பச் சொல்லிப் பதில் எழுதினேன்.

கேடயத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். அவர் இருந்திருந்தால் தபாலாபீஸ்வரை கூட வந்திருப்பார் என்று தோன்றுகிறது. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

செலஸ்டின் அல்வாவும் ஒரு பத்திரமும் கொண்டுவந்தான். சீட்டி திரும்பிவிட்டது. நான்தான் உரிமையாளர் என்பதால், கடிகாரங்களை விற்க நான் அனுமதி கொடுக்க வேண்டும்.

முழுவதும் படித்தேன். நான்கு இடத்தில் திருத்தினேன். கடைசியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: இந்தக் கருவியை எதற்குள்ளும் ஒளித்து வைத்து விற்கக் கூடாது, ஒலிப்பதிவோடும் இணைக்கக் கூடாது.

படித்துவிட்டு அவன் அல்வாவைக் கீழே வைத்தான்.

"ஒளிக்கலன்னா அது என்ன பெரியம்மா?"

"குக்கர் விசில் எண்ணி."

"அதை யாரு வாங்குவா?"

"குக்கர் வச்சிருக்கறவங்க."

"என் கடை பேரே 'மூன்றாம் கண்'. போர்டெல்லாம் எழுதியாச்சு."

"காதுன்னு மாத்து."

"உங்களுக்காக ஒரு மாசமா கோர்ட்டு வாசல்ல நின்னேன்."

"எனக்காகவா?"

அவன் மணிபிளான்ட் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தான். "அந்தக் கம்பெனிக்காரனே தேவல" என்றான்.

"அவங்க இத்தனை வருஷம் வச்சிருந்தாங்க. அவங்ககிட்டயும் இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன். "என்னோடதுன்னா நான் சொல்றபடி."

அரை மணி நேரம் கோபமாக இருந்தான். பிறகு, எத்தனை கடிகாரத்தை மறுபடி மணி அடிக்கிற மாதிரி மாற்ற முடியும் என்று கேட்டான். எல்லாவற்றையும் என்றேன். யார் மாற்றுவது என்றான். சாலிடரிங் கற்றுக்கொள்ளச் சொன்னேன். பெட்டியில் யார் பெயர் போடுவது என்றும் கேட்டான். "மெட்டில்டா ஞானப்பிரகாசம்" என்று எழுதிக் கொடுத்தேன், அச்சில் பிழை வராதபடி பெரிய எழுத்தில். படம் வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அல்வா சாப்பிட்டோம். நெய் போதாது.

ஜூலை 22, திங்கள்

பூசை. வெண்டைக்காய் முற்றல்.

நாயகிக்கு நான்கு விசிலில் அடிக்கிற மாதிரி ஒன்று வேண்டுமாம், நீதிபதியின் வீட்டிலிருந்தும் ஒன்று கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையை அவரவர் திருப்பி வைத்துக்கொள்ள ஒரு திருகு இருந்தால் தேவலை. எப்படிச் செய்யலாம் என்று வரைந்து பார்க்க, என் கணவரின் எழுத்து மேசையில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நாற்காலி எனக்கு மூன்று அங்குலம் உயரம், கால் தரையில் படவில்லை.

நாற்காலிக் கால்களை அறுத்துக் குறைக்கத் தச்சரை நாளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது என்றால் ஒன்பது.